மூன்று நிமிடமா, மூன்று நாளா?

(டிப்ளமோ மூன்றாமாண்டு, இயந்திரவியல் துறை)



இரவு பத்து மணிக்கு மேல் நம் விடுதி வராந்தாவில் ஒரு நடை நடந்து பாருங்கள். பாதி அறைகளில் ஒருவன் செல்போனைக் குனிந்து பார்த்தபடி உட்கார்ந்திருப்பான். சினிமா பார்க்கிறான் என்று நினைத்தால் தப்பு. செஸ் ஆடுகிறான்! 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் நம்ம சென்னை குகேஷ், சீனாவின் டிங் லிரனை 7½ – 6½ என்று ஜெயித்து உலக சாம்பியன் ஆனார். அப்போது அவருக்கு வயது 18. இன்று எனக்கும் அதே வயதுதான் என்பதைத் தவிர வேறு ஒற்றுமை எதுவும் கிடையாது. அன்றிலிருந்து யானை எப்படிப் போகும், குதிரை எப்படித் தாவும் என்று தெரியாதவன்கூட ஆப் இறக்கி வைத்திருக்கிறான். ரொம்ப சந்தோஷம்.

ஆனால் என் கேள்வி வேறு. இத்தனை பேரும் ஆடுவது ஒரே ஆட்டம்தானா? இல்லை என்பது என் கட்சி. கட்டம் 64, காய் 32, விதி ஒன்று. அதெல்லாம் சரி. ஆனால் ஆடுகிறவன் எதற்காக ஆடுகிறான் என்பதைப் பொறுத்து ஆட்டமே வேறாகி விடுகிறது. இதைப் புரிந்துகொள்ளாமல் "உன் ரேட்டிங் எவ்வளவு?" என்று ஒரே கேள்வியில் எல்லாரையும் அளக்கிறோம். அதனால்தான் இந்த ஆண்டு நம் கல்லூரி செஸ் அணித் தேர்வில் ஒரு அநியாயம் நடந்தது. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில் கடிகாரத்தைப் பார்ப்போம். இணைய செஸ்ஸில் ஒருவனுடைய குணம் தெரிய வேண்டுமென்றால் அவன் எந்தக் காயை முதலில் நகர்த்துகிறான் என்று பார்க்க வேண்டாம். எத்தனை நிமிட ஆட்டத்தைத் தேர்ந்தெடுக்கிறான் என்று பாருங்கள், போதும். ஒருவருக்கு ஒரு நிமிடம் என்றால் அது புல்லட். மூன்று, ஐந்து நிமிடம் என்றால் பிளிட்ஸ். பத்து, பதினைந்து நிமிடம் என்றால் ரேபிட். ஒரு நகர்வுக்கு ஒரு நாள், மூன்று நாள் என்று எடுத்துக்கொள்ளும் ஆட்டமும் உண்டு. அந்தக் காலத்தில் போஸ்ட் கார்டில் எழுதி ஆடுவார்களாமே தபால் செஸ், அதன் பேரப்பிள்ளை இது. சில ஆட்டங்களில் ஒவ்வொரு நகர்வுக்கும் சில வினாடிகள் கூடுதலாகச் சேரும். 15+10 என்றால் பதினைந்து நிமிடம், அதோடு நகர்வுக்குப் பத்து வினாடி.

எங்கள் விடுதியில் ஒருவனுக்குப் பட்டப்பெயரே 'பத்து செகண்ட்'. மெஸ் வரிசையில் தட்டோடு நின்றபடி புல்லட் ஆடுவான். சாம்பார் வாங்குவதற்குள் ஒரு ஆட்டம், அப்பளம் வாங்குவதற்குள் இன்னொன்று. ராணி போய்விட்டதா? கவலையே இல்லை. எதிராளியின் நேரம் தீரும் வரை காயை இங்கும் அங்கும் தள்ளிக்கொண்டே இருப்பான். நேரம் தீர்ந்ததும் "கொடி விழுந்துச்சு மாப்ளே!" என்று ஒரு கூச்சல். (பழைய முள் கடிகாரத்தில் நேரம் முடிந்தால் ஒரு சின்னச் சிவப்புக் கொடி விழும். கொடி போய்விட்டது, பேச்சு மட்டும் நிற்கிறது.) எதிராளி நகர்த்துவதற்கு முன்பே நம் நகர்வைப் பதிந்து வைக்கும் வசதியும் இதில் உண்டு. அதாவது அவன் என்ன செய்தாலும் நான் செய்யப்போவது இதுதான் என்று! வீட்டில் அப்பா, அம்மா சண்டை போடுவதும் இந்த முறையில்தான் என்று எனக்குத் தோன்றும்.

இதைச் செஸ் இல்லை என்று ஒதுக்கும் ஆள் நான் இல்லை. சின்ன வயதில் அதிவேகமாக ஆடியதற்காகவே விஸ்வநாதன் ஆனந்துக்கு 'மின்னல் சிறுவன்' என்று பெயர் வந்தது. வேகமும் ஒரு திறமைதான். ஆனால் நம்ம 'பத்து செகண்ட்' ஆடுவது திறமைக்காக இல்லை. காலை எட்டரை முதல் ஒர்க்‌ஷாப்பில் ரம்பம் பிடித்து, ராவி, கை காய்த்துப் போய் வருகிறான். மண்டைக்குள் ஓடுகிற இரைச்சலை அணைக்க அவனுக்கு ஒரு நிமிடம் வேண்டும். அவ்வளவுதான். டீ குடிக்கிறவனைப் பார்த்து "இதில் என்னப்பா சத்து இருக்கு?" என்று கேட்பது நியாயமா?

சிவில் துறை அண்ணன் ஒருவர் இருக்கிறார். அவர் வேறு ரகம். வெள்ளைக் காய் கிடைத்தால் ராணிக்கு முன்னால் உள்ள சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளுவார், அடுத்து அந்தப் பக்கத்து பிஷப்பை வெளியே கொண்டுவருவார். எதிராளி என்ன ஆடினாலும் அவருக்கு அதே வீடு, அதே வாசல், அதே திண்ணை. லண்டன் சிஸ்டம் என்று இதற்குப் பெயர். பசங்க கிண்டல் செய்வார்கள். அவர் சொல்வார்: "தம்பி, நான் சாயந்திரம் ஆறு மணிக்கு மேல பார்ட் டைம் வேலைக்குப் போறேன். பத்து விதமான ஓப்பனிங் மனப்பாடம் பண்ண எனக்கு நேரம் கெடையாது. அஸ்திவாரம் ஒண்ணு தெரிஞ்சா போதும், மேல எத்தனை மாடி வேணாலும் கட்டலாம்." சிவில் மாணவர் அல்லவா, பேச்சும் அப்படித்தான் வரும்!

இதற்கு நேர் எதிர் ரகம் பொறி வைக்கிறவர்கள். நாலே நகர்வில் செக்மேட் வைக்கப் பார்ப்பார்கள். ராணி, பிஷப் இரண்டையும் எதிரி ராஜாவுக்குப் பக்கத்துச் சிப்பாய் மேல் குறிவைத்து நிறுத்துவார்கள். வீடியோவில் பார்த்த தந்திரம் ஒன்று. அதில் சிக்குகிறவன் கிடைக்கும் வரை ஆட்டத்துக்கு மேல் ஆட்டம். சிக்காவிட்டால் ஐந்தாவது நகர்விலேயே ஆட்டத்தை விட்டுவிட்டு அடுத்த ஆளைத் தேடிப் போய்விடுவார்கள். தூண்டில்காரனுக்கு மீன்தான் முக்கியம், குளம் முக்கியமில்லை.

இனி எனக்கு மிகவும் பிடித்த ரகம். எலக்ட்ரானிக்ஸ் துறைத் தோழி ஒருவர் தினமும் பஸ்ஸில் ஒன்றேகால் மணி நேரம் பயணம் செய்து கல்லூரிக்கு வருகிறார். வீட்டுக்குப் போனால் சமையல், தம்பியின் வீட்டுப்பாடம், தண்ணீர் பிடிப்பது என்று நேரம் போய்விடும். தொடர்ந்து பதினைந்து நிமிடம் போனைக் கையில் வைத்திருந்தால் "யாருகூடப் பேசுற?" என்ற கேள்வி வந்துவிடும். (இந்தக் கேள்வி ஆண்பிள்ளைகளிடம் கேட்கப்படுவதில்லை என்பதையும் இங்கே குறிப்பிட்டே ஆக வேண்டும்.) அதனால் அவர் நகர்வுக்கு மூன்று நாள் ஆட்டம்தான் ஆடுகிறார். பஸ்ஸில் நிலையைப் பார்த்துக்கொள்வார், அரிசி களையும்போது யோசிப்பார், மறுநாள் பஸ்ஸில் நகர்த்துவார். எதிராளி பிரேசில் நாட்டில் யாரோ ஒருவர். ஒரே ஆட்டம் இரண்டு மாதம் நடந்தது. "அந்த ரெண்டு மாசமும் என் மண்டைக்குள்ள எனக்குன்னு ஒரு இடம் இருந்துச்சு" என்றார் அவர். அவருடைய பிளிட்ஸ் ரேட்டிங் என்ன தெரியுமா? அப்படி ஒன்று கிடையாது. பிளிட்ஸ் ஆடியதே இல்லை.

என் சங்கதியும் சொல்லிவிடுகிறேன். அப்பா லாரி டிரைவர். அம்மா கோழிப்பண்ணையில் முட்டை பொறுக்கும் வேலைக்குப் போகிறார். பத்தாம் வகுப்பைத் தாண்டியது எங்கள் வீட்டில் நான்தான் முதல். 2022-ல் மாமல்லபுரத்தில் 44-வது செஸ் ஒலிம்பியாட் நடந்தபோது நான் பத்தாம் வகுப்பு. வேட்டி கட்டிய குதிரை 'தம்பி'யின் படம் எங்கள் பள்ளிச் சுவர் வரைக்கும் வந்தது. பி.இ.டி. சார் ஒரு பலகை கொண்டுவந்து மைதானத்து வேப்பமரத்தடியில் சொல்லிக்கொடுத்தார். அங்கே பிடித்தது.

வீட்டில் போனில் ஆடுவதைப் பார்த்து அப்பா கேட்டார்: "ஏண்டா கண்ணு, யாரோட ஆடுற? எதுத்தாப்புல ஆளே இல்லையே?" பிலிப்பைன்ஸ்காரனோடு என்றேன். "பணம் வச்சா?" என்றார் அடுத்ததாக. அவர் பயத்தில் நியாயம் இருக்கிறது. லாரி ஸ்டாண்டில் கூட இருந்தவர்களில் ஆன்லைன் ரம்மியில் வண்டி டியூ கட்ட வைத்திருந்த பணத்தை விட்டவர்களை அவருக்குத் தெரியும். 2025 ஆகஸ்டில் பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்து மத்திய அரசு சட்டமே கொண்டுவந்தது. நாங்கள் ஆடும் செஸ்ஸில் ஒரு பைசா இல்லை என்று அவருக்குப் புரியவைக்க ஒரு வாரம் ஆயிற்று. புரிந்த பிறகு அவர் சொன்னது: "அப்ப ஆடுபுலி ஆட்டம் மாதிரின்னு சொல்லு." கோயில் மண்டபத் தரையில் கீறி, மூன்று புலி, பதினைந்து ஆடு வைத்து ஆடியவர் அவர். எனக்கு இன்றுவரை ஆடுபுலியில் அவரை ஜெயிக்க முடியவில்லை. நான் ஆடு எடுத்தாலும் தோல்வி, புலி எடுத்தாலும் தோல்வி. அவருக்கு ரேட்டிங் எதுவும் கிடையாது!

ரேட்டிங் என்று சொல்லிவிட்டேன். இதைக் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும், ஏனென்றால் நம்மில் பாதிப் பேருடைய தூக்கத்தைக் கெடுப்பது இதுதான்.

ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் இயற்பியல் பேராசிரியராக இருந்த அர்பாட் எலோ என்பவர் வகுத்த கணக்கு இது. உலக செஸ் சம்மேளனமான ஃபிடே 1970-ல் இதை ஏற்றுக்கொண்டது. இருவருக்கும் ஒரே ரேட்டிங் என்றால் ஆளுக்குப் பாதிப் புள்ளி எதிர்பார்க்கலாம். 200 புள்ளி வித்தியாசம் இருந்தால் பலசாலிக்கு நூற்றுக்கு 76 புள்ளி வரும். 400 வித்தியாசம் என்றால் 91. எதிர்பார்த்ததைவிட அதிகம் எடுத்தால் ரேட்டிங் ஏறும், குறைந்தால் இறங்கும். லிசெஸ் தளம் இதன் தம்பி முறையான கிளிக்கோ-2 கணக்கை வைத்திருக்கிறது. அதில் புது ஆள் 1500-ல் தொடங்குவான். புல்லட்டுக்கு ஒரு எண், பிளிட்ஸுக்கு ஒரு எண், ரேபிட்டுக்கு ஒரு எண். ஒரு தளத்து எண்ணை இன்னொரு தளத்து எண்ணோடு ஒப்பிடக் கூடாது. இரண்டுக்கும் ஃபிடே ரேட்டிங்குக்கும் நேரடி சம்பந்தம் கிடையாது. வெர்னியர் காலிப்பரில் எடுத்த அளவையும் மரஸ்கேலில் எடுத்த அளவையும் கலந்து எழுதினால் லேபில் சார் என்ன சொல்வார்?

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது, தோழர்களே. தளம் உங்களுக்குத் தேடித் தருவது உங்கள் ரேட்டிங்குக்குச் சமமான ஆளை. நீங்கள் முன்னேறினால் எதிராளியும் முன்னேறியவனாகவே வருவான். ஆகவே நீங்கள் 900-ல் இருந்தாலும் சரி, 1900-ல் இருந்தாலும் சரி, ஏறக்குறைய பாதி ஆட்டம் தோற்றுக்கொண்டுதான் இருப்பீர்கள்! ஜெயிப்பதற்காக மட்டுமே ஆடுகிறவனுக்கு எத்தனை வருடம் ஆடினாலும் பாதி நாள் துக்க நாள்தான். இரவு ஒரு மணிக்கு "ஒரே ஒரு ஆட்டம், போன புள்ளியைப் பிடிச்சிட்டுப் படுக்கிறேன்" என்று ஆரம்பித்து, நாலு மணிக்கு இன்னும் 120 புள்ளியை விட்டுவிட்டு, காலை முதல் பீரியடில் கண்ணைத் திறந்துகொண்டே தூங்குகிறவர்களை நாம் பார்த்திருக்கிறோம். அவர்களுக்கும் லாரி ஸ்டாண்ட் ரம்மிக்காரருக்கும் பணத்தைத் தவிர என்ன வித்தியாசம்? இதில் மட்டும் நான் அப்பா பக்கம்.

எஞ்சின் வைத்து ஆடுகிறவர்களையும் விட்டுவிட முடியாது. ஸ்டாக்ஃபிஷ் என்ற மென்பொருள் இலவசம். உலக சாம்பியனையும் தோற்கடிக்கும். அதை இன்னொரு போனில் திறந்து வைத்து, அது சொல்கிறபடி ஆடினால் யாரையும் ஜெயிக்கலாம். 2021 ஜூனில் கொரோனா நிவாரணத்துக்காக ஆனந்த் பல பிரபலங்களோடு ஒரே நேரத்தில் இணையத்தில் ஆடினார். ஒரு பெரிய தொழிலதிபர் அவரை ஜெயித்தார்! மறுநாளே கம்ப்யூட்டர் உதவியும் ஆட்கள் உதவியும் இருந்தது என்று ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். கோடி கோடியாக வைத்திருப்பவருக்கே அந்த ஆசை வரும்போது, ஐம்பது புள்ளிக்கு ஏங்கும் பையனுக்கு வராதா? ஆனாலும் எனக்கு விளங்கவே விளங்காத ரகம் இதுதான். பரிசும் இல்லை, பார்க்கவும் ஆள் இல்லை. எதற்கு? அடுத்தவனை வைத்துத் தன் பேரில் தேர்வு எழுதி, மார்க் ஷீட்டைத் தானே பார்த்து ரசிக்கிற மாதிரி.

அதைவிடக் கொடுமை, கண்டதற்கெல்லாம் சந்தேகப்படுவது. ஒருவன் நாலு ஆட்டம் தொடர்ந்து ஜெயித்தால் "எஞ்சின்டா" என்று சொல்லிவிடுகிறோம். டேனியல் நரோடிட்ஸ்கி என்ற அமெரிக்க கிராண்ட்மாஸ்டரைப் பலர் யூடியூபில் பார்த்திருப்பீர்கள். ஆடிக்கொண்டே ஒவ்வொரு நகர்வுக்கும் காரணம் சொல்லிக்கொடுப்பார். வகுப்பில் சாரிடம் கேட்க வெட்கப்படும் கேள்விக்குக்கூட அவரிடம் பதில் இருக்கும். முன்னாள் உலக சாம்பியன் விளாடிமிர் கிராம்னிக் 2024 முதல் அவர் மேல் வெளிப்படையாகச் சந்தேகம் கிளப்பிக்கொண்டிருந்தார். குற்றம் எதுவும் நிரூபணம் ஆகவில்லை. நரோடிட்ஸ்கி அதை மறுத்தார், மனம் நொந்தும் பேசினார். 2025 அக்டோபரில் 29 வயதில் அவர் இறந்துபோனார். இரண்டையும் முடிச்சுப் போட்டுத் தீர்ப்புச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் அந்தச் செய்தி வந்த அன்றிலிருந்து, விடுதியில் யாராவது "எஞ்சின்" என்று சிரித்துக்கொண்டே சொன்னாலும் எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

"அப்ப நீ எதுக்குத்தான் ஆடுற?" என்று கேட்பீர்கள். சொல்கிறேன். எங்கள் வீட்டில் பாடத்தில் சந்தேகம் என்றால் கேட்க ஆள் கிடையாது. பாலிடெக்னிக் என்றால் என்ன, டிப்ளமோ முடித்தால் இன்ஜினியரிங்கில் நேராக இரண்டாம் வருடம் சேரலாம் என்பது முதற்கொண்டு எல்லாவற்றையும் நானேதான் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். அப்படிப்பட்ட எனக்கு, தோற்ற ஆட்டத்தை முதல் நகர்விலிருந்து பொறுமையாகத் திருப்பிப் போட்டுப் பார்க்க முடிகிற ஒரு இடம் கிடைத்தது. திட்டாத வாத்தியார்! 2010-ல் திபோ டுப்ளெசி என்ற பிரெஞ்சு புரோகிராமர் தொடங்கிய லிசெஸ்ஸில் விளம்பரமும் கிடையாது, கட்டணமும் கிடையாது. நன்கொடையில் நடக்கிறது. உலகம் முழுக்க யார் யாரோ கொடுத்த காசில் ஒரு லாரி டிரைவர் மகன் இலவசமாகப் படிக்கிறான். இது சின்ன விஷயமா? நான் 15+10 ஆடுகிறேன். நாளைக்கு ஒன்று, ஞாயிறு என்றால் இரண்டு. ஆடிய நேரத்துக்குச் சமமாக ஆட்டத்தைத் திரும்பப் பார்ப்பேன்.

ஆனால் இந்தத் திட்டாத வாத்தியாரிடம் ஒரு குறை இருக்கிறது. "17-வது நகர்வு மோசம்" என்று எஞ்சின் சொல்லும். ஏன் மோசம் என்று சொல்லாது. அதைச் சொல்லப் பக்கத்தில் ஒரு ஆள் வேண்டும். ஆனந்துக்கு முதலில் அம்மா சொல்லிக்கொடுத்தார், பிறகு சென்னை சோவியத் கலாச்சார மையத்தில் இருந்த தால் செஸ் கிளப் கிடைத்தது. குகேஷுக்காக அவர் அப்பா, காது மூக்கு தொண்டை அறுவை மருத்துவர், தொழிலையே ஒதுக்கி வைத்துவிட்டுக் கூடவே ஊர் ஊராகப் போனார். அவருடைய பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா தொடக்க காலத்தில் எஞ்சினைத் தொடவே விடாமல் சொந்த மூளையில் கணக்குப் போடப் பழக்கியவர். 12 வயதில் கிராண்ட்மாஸ்டர் ஆனது அந்தப் பழக்கத்தில்தான். இணையம் பலகையைக் கொடுக்கும், எதிராளியைக் கொடுக்கும். பக்கத்தில் உட்கார்ந்து "ஏன்டா இங்க குதிரையை எடுத்த?" என்று கேட்கிற ஆளைக் கொடுக்காது. அந்த ஆளைக் கல்லூரிதான் கொடுக்க வேண்டும்.

சரி, அநியாயத்துக்கு வருகிறேன். இந்த ஆண்டு நம் கல்லூரி அணியைத் தேர்ந்தெடுக்க நோட்டீஸ் போர்டில் ஒரு அறிவிப்பு வந்தது. ஞாயிறு மாலை இணையத்தில் 3 நிமிடப் போட்டி, ஒன்றரை மணி நேரத்தில் யார் அதிகப் புள்ளி எடுக்கிறார்களோ அந்த ஐந்து பேர் அணியில். முடிவு எடுத்தது யார் என்பது இங்கே தேவையில்லை, கெட்ட எண்ணம் இருந்ததாகவும் நான் நினைக்கவில்லை. சுலபம் என்று நினைத்திருப்பார்கள். என்ன நடந்தது? விடுதி வை-ஃபை இருபது நிமிடம் நின்றுபோனது. டேட்டா தீர்ந்தவர்கள் வெளியேறினார்கள். 2020 ஆகஸ்டில் இணைய ஒலிம்பியாட் இறுதிப் போட்டியிலேயே இதே கதை நடந்தது. இணைப்பு அறுந்து நிஹால் சரினும் திவ்யா தேஷ்முக்கும் நேரத்தில் தோற்றார்கள், இந்தியா முறையிட்டது, கடைசியில் இந்தியா, ரஷ்யா இரண்டுக்கும் தங்கம் கொடுத்தார்கள். நம்மிடம் முறையிட ஃபிடேயா இருக்கிறது? "அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டார்கள். மூன்றாமாண்டுக்காரனுக்கு அடுத்த வருஷம் ஏது?

பஸ்ஸில் வரும் அந்தத் தோழி கலந்துகொள்ளவே இல்லை. ஞாயிறு மாலை ஒன்றரை மணி நேரம் போனோடு உட்கார அவருக்கு எந்த வீட்டில் அனுமதி கிடைக்கும்? சிவில் அண்ணன் வேலைக்குப் போய்விட்டார்.

மண்டலப் போட்டியில் ஆட்டம் நடந்தது மரப்பலகையில், பக்கத்தில் கடிகாரத்தோடு. தேர்வான ஐந்து பேரில் மூன்று பேர் அதற்கு முன்பு செஸ் கடிகாரத்தைக் கையால் தொட்டதில்லை. போனில் தப்பான கட்டத்துக்குக் காய் போகாது. பலகையில் போகும்! விதிக்கு மாறாக நகர்த்தினால் எதிராளிக்குக் கூடுதல் நேரம், இரண்டாவது முறை செய்தால் ஆட்டமே போச்சு. தொட்ட காயைத்தான் ஆட வேண்டும் என்பது இன்னொரு விதி. போனில் விரலை எடுக்காத வரை காயை எங்கே வேண்டுமானாலும் இழுத்துப் பார்க்கலாம். பழகிய கை சும்மா இருக்குமா? நம்ம 'பத்து செகண்ட்' இரண்டாவது சுற்றிலேயே யானையைத் தொட்டுவிட்டுக் குதிரையை நகர்த்தினான். நடுவர் வந்தார். யானையைத்தான் ஆட வேண்டியதாயிற்று, அதோடு ஆட்டம் சாய்ந்தது. முதல் நாளே நம் அணி வெளியே. பாவம், அவனைத் திட்டுகிறார்கள். அவனை எதற்காகத் திட்ட வேண்டும்? மெஸ் வரிசையில் மண்டையை ஆற்றிக்கொள்ள ஆடுகிறவனைப் பிடித்து, நாலு மணி நேரம் உட்காரும் வேலைக்கு அனுப்பியது யார் குற்றம்? நூறு மீட்டர் ஓடுகிறவனை மராத்தானுக்கு அனுப்பிவிட்டு மூச்சு வாங்குகிறான் என்று குறை சொல்வதா?

இணையத்தில் ஆடாதே என்று நான் சொல்லவில்லை. 2022 பிப்ரவரியில் நம்ம பிரக்ஞானந்தா 16 வயதில் மாக்னஸ் கார்ல்சனைத் தோற்கடித்தது இணையப் போட்டியில்தான். ஆனால் அது நகர்வுக்குப் பத்து வினாடி சேரும் 15 நிமிட ஆட்டம். அதன் பின்னால் பலகையில் வருடக்கணக்கில் உட்கார்ந்த உழைப்பு இருந்தது. என் வேண்டுகோள் சங்கத்துக்கும் உடற்கல்வித் துறைக்கும்தான். அடுத்த ஆண்டு அணித் தேர்வைப் பலகையில் நடத்துங்கள், கல்லூரி நேரத்துக்குள் நடத்துங்கள். புதன்கிழமை கடைசி பீரியடை விட்டால் பஸ்ஸில் போகிறவர்களும் வேலைக்குப் போகிறவர்களும் வர முடியும். ஒரு நாளில் முடிக்க வேண்டாம், நாலு வாரம் நடக்கட்டும். சங்க அறைக்குப் பக்கத்தில் பழைய டிராயிங் போர்டுகள் அடுக்கிய அறை ஒன்று பூட்டிக் கிடக்கிறது. பத்து பலகையும் ஐந்து கடிகாரமும் இருந்தால் அது செஸ் அறை. ஆடி முடித்தவர்கள் எழுந்து ஓடாமல் இருவருமாக உட்கார்ந்து ஆட்டத்தைத் திரும்பப் போட்டுப் பார்க்க வேண்டும் என்று ஒரே ஒரு விதி மட்டும் வையுங்கள்.

நான் ஏப்ரலோடு வெளியே போய்விடுவேன், எனக்காகக் கேட்கவில்லை. பி.இ.டி. சார் பூட்டைத் திறந்துவிடச் சம்மதித்துவிட்டார். என் பழைய பள்ளியிலிருந்து இரண்டு பலகை இரவல் கிடைத்திருக்கிறது. கடிகாரம்தான் இன்னும் இல்லை, அதுவரை போனில் கடிகார ஆப் வைத்துச் சமாளிக்கலாம். சிவில் அண்ணனும் எலக்ட்ரானிக்ஸ் தோழியும் பெயர் கொடுத்துவிட்டார்கள். 'பத்து செகண்ட்' யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறான், அவன் யோசிப்பதே பெரிய விஷயம். விருப்பமுள்ளவர்கள் மெக்கானிக்கல் மூன்றாமாண்டு வகுப்புக்கு மதியச் சாப்பாட்டு நேரத்தில் வாருங்கள். ரேட்டிங் கேட்க மாட்டோம்.